அழைப்பு வண்டியை நான்தான் ஓட்டுவேன்

வண்டியை விற்க மாட்டேன். இதை முதலில் படித்துவிடு. மீதியை உன் வேலையெல்லாம் முடிந்த பிறகு படிக்கலாம். மீதி முழுவதும் இந்த ஒரு வரிக்கான காரணங்கள்தான். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. ஆனால் நீ என் மகன். அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் உனக்கு மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலை கல்யாணம். கல்யாணம் செய்துகொள்ளப் போகிற ஒருவனுக்குச் சில காரணங்கள் தெரிந்திருப்பது நல்லது.

நேற்று போனில் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ மறந்திருப்பாய். "அம்மா, அந்த பெட்ரோல் வண்டிய வித்துடும்மா. அழைப்புக்கு சித்தப்பா ஒரு டீசல் வண்டி சொல்லி வெச்சிருக்காரு. ஏழுமலை ஓட்டுவாரு. நீ மண்டபத்துல மேல ரூம்ல இரு. நான் நேரா மேல வந்து உன் கால்ல விழறேன். சரியா?" சரியா என்று கேட்டாய். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆபீஸில் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள்.

சரியில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று. பிள்ளையார் கோயிலிலிருந்து வேங்கிக்கால் மண்டபம் வரை, உன்னை உட்கார வைத்து, அழைப்பு வண்டியை நான் ஓட்ட வேண்டும். நகை கேட்கவில்லை, மேடையில் இடம் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைக் கேட்டேன். நீ எனக்கு மாடியில் ஒரு ரூம் கொடுத்தாய்.

உன் அப்பா நம் பழைய டீசல் வண்டியை வாங்கியது தொண்ணூறுகளின் கடைசியில். நீ காலேஜில் இருந்தாய். வேர்க்கடலை நல்ல விலைக்குப் போன வருடம், மண்டியில் மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஜெர்மன் கார். வெள்ளை. பின் சீட் நம் வீட்டு சோபாவைவிட அகலம். ஜில்லாவிலேயே இப்படி ஒரு வண்டி கிடையாது என்று உன் சித்தப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கம்பெனிக்காரர்கள் பெட்ரோல் வண்டியைத்தான் முதலில் காட்டினார்கள். அப்பா டீசல்தான் என்று பிடிவாதமாக நின்றார். மைலேஜுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் கேட்டபோது அவர் சொன்னது வேறு. "பெட்ரோல் வண்டின்னா கேக்கறவனுக்குக் கூச்சமா இருக்கும்டி. எண்ணெய் போட்டுத் தரணுமேன்னு தயங்குவான். டீசல்னா பம்புசெட்டு டிரம்லேர்ந்து ஒரு கேன் ஊத்திட்டுப் போயிடுவான். எவனும் யோசிக்க மாட்டான்." அதாவது, வாங்கும்போதே இரவல் கொடுப்பதற்காக வாங்கினார். எனக்கு அது பிடித்திருந்தது. அதை இப்போது மாற்றி எழுத மாட்டேன். அவர் பெரிய மனசுக்காரர்.

அதன் பிறகு சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு நம் வண்டிதான். கீழ்பென்னாத்தூர்ச் சொந்தம், போளூர்ச் சொந்தம், மண்டிக்கு மூட்டை கொண்டுவரும் குடும்பங்கள். முன்னால் பேண்டு வாத்தியம், பானெட்டில் ரோஜாச் சரம், பின் கண்ணாடியில் பொண்ணு மாப்பிள்ளை பெயர், ஸ்டியரிங்கில் நம் டிரைவர் ஏழுமலை. அந்த டீசல் இன்ஜின் ஊர்வலத்துக்கென்றே செய்யப்பட்டது போல இருக்கும். எவ்வளவு நேரம் ஊர்ந்தாலும் சூடாகாது. கடகடவென்று தன்பாட்டுக்கு முனகிக்கொண்டு நகரும். திருப்பிக் கொண்டுவந்து விடும்போது ஒரு கேன் டீசல் ஊற்றி, முன் சீட்டில் ஒரு தாம்பூலப் பை வைத்துவிட்டுப் போவார்கள். அதுதான் முறை. ஊற்றாமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு.

நான் அதில் எங்கே உட்கார்ந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பின்னால், இடது பக்கம். முன்னால் எப்போதும் ஒரு ஆண். அப்பா. அவர் இல்லையென்றால் சித்தப்பா. அவரும் இல்லையென்றால் லீவுக்கு வந்த நீ. எம்.ஏ. பொருளாதாரம் படித்தவள் நான். அந்த இடத்திலிருந்து பார்த்தால் சாலை தெரியாது. சாலையோரம்தான் தெரியும். புளியமரம், டீக்கடை, புளியமரம். எங்கே போகிறோம் என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்கிற இடம் அது. வசதியான இடம். ஏ.சி. காற்று நேராக முகத்தில் வரும்.

அப்பா போனார். அதை இங்கே எழுதப் போவதில்லை. நீ கூட இருந்தாய். மண்டியை நான் எடுத்துக்கொண்டேன். முதல் சீசனில் வியாபாரிகள் என் முகத்தைப் பார்க்காமல் மூட்டைகளைப் பார்த்து விலை பேசினார்கள். அடுத்த சீசனில் முகத்தைப் பார்த்தார்கள், விலை படியாத காரணத்தால். நீ ஆன்சைட் போனாய். வண்டி வழக்கம்போல ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

பிறகு சித்தப்பா மகள் கல்யாணம் வந்தது. நீ வரவில்லை, அமெரிக்காவிலிருந்து போனில் வாழ்த்துச் சொன்னாய். அன்று நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. சாயங்காலம் வண்டியை நம் வீட்டு வாசலில்தான் ஜோடித்தார்கள். உன் சித்தி சந்தனம் குங்குமம் வைத்தாள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி நகரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏழுமலை இறங்கி என்னிடம் வந்தார்.

"அம்மா..."

"என்ன ஏழுமலை? மறந்துட்டீங்களா எதையாவது?"

"இல்லம்மா. கொஞ்சம் உள்ள போய்ட்டீங்கன்னா... வண்டி கெளம்பற நேரம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கேட் தாழ்ப்பாளைப் பார்த்தார். யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. நான் உள்ளே போனேன். கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். என் வாசலிலிருந்து என் வண்டி நல்ல காரியத்துக்குப் போவதற்காக நான் ஒரு கதவுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் கேட்டது. பேண்டு ஆரம்பித்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு விஷயம் மிகத் தெளிவாகப் புரிந்தது. எனக்கும் வண்டிக்கும் உன் அப்பாதான் சொந்தக்காரராக இருந்தார். அவர் போன பிறகு ஒருத்திக்கு மட்டும் பூ நின்றுபோயிருக்கிறது. வண்டி இன்னும் சுமங்கலி.

அழவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் வேங்கிக்காலில், ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் இருக்கிற டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். அங்கே இருந்த பையன் என் செருப்பைப் பார்த்தான், சேலையைப் பார்த்தான். "ஸ்கூட்டி போதாதா மேடம்?" என்றான்.

"மழை பேஞ்சா நனைவேன்."

"வீட்ல டிரைவர் இல்லீங்களா?"

"இருக்காரு. அதான் கத்துக்கறேன்."

அவனுக்குப் புரியவில்லை. பரவாயில்லை. கிளட்சு எது, பிரேக் எது என்று காட்டினான். கலெக்டர் ஆபீஸ் சுற்றுச்சுவரை ஒட்டி அந்தச் சின்னக் காரை ஓட்டிப் பழகினேன். ஏழுமலைக்கு வேன் வாங்கிக்கொள்ளும் எண்ணம் வெகுநாளாக இருந்தது. வாங்கினார், ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றுகிறார், நன்றாக இருக்கிறார். டீசல் வண்டியின் சாவி என் கைக்கு வந்தது.

ஆசையாகத்தான் எடுத்தேன். ஆனால் அந்த வண்டியும் நானும் ஒத்துப்போகவில்லை. செங்கம் ரோட்டில் ஒரு நாள். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். கரும்பு இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, சாலையையே அடைத்துக்கொண்டு போகிறது. எதிரே வழி இருக்கிறது. மிதிக்கிறேன். வண்டி யோசிக்கிறது. மிதித்ததற்கும் நகர்வதற்கும் நடுவில் டீசலுக்கு ஒரு யோசனை உண்டு. போகலாமா, இப்போதே போக வேண்டுமா, பின்னால் இருக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பது போல. யோசித்து முடிப்பதற்குள் எதிரே பஸ் வந்துவிட்டது. மறுபடியும் கரும்புக்குப் பின்னால் போனேன். அன்று செங்கம் வரைக்கும் அந்தக் கரும்பை முகர்ந்துகொண்டே போனேன். நான் கல்யாணமான நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறவள். எனக்கு யோசிக்கிற வண்டி வேண்டாம் என்று அங்கே, அந்த டிராக்டருக்குப் பின்னால், முடிவு செய்தேன்.

சென்னையில் அதே கம்பெனி ஷோரூம். டை கட்டிய பையன் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தான். "சார் வரலையா மேடம்?"

"எந்த சார்?"

தண்ணீர் கொடுத்தான். டீசலைக் காட்டினான். நான் ஓரமாக நின்றிருந்த இன்னொன்றைக் காட்டினேன். அதே உடம்பு, அதே வெள்ளை. உள்ளே வேறு ஆள். பெட்ரோல், எட்டு சிலிண்டர். "மேடம், அது ஸ்பீடா ஓட்டறவங்களுக்கு. நம்ம ஊரு ரோட்டுக்கு அவ்ளோ பவர் ஜாஸ்தி. டீசலே எடுத்துக்கோங்க, ரீசேல் நல்லா இருக்கும்" என்றான். திருப்பி விற்கிறவர்களுக்குச் சொல்லுங்கள் என்றேன். கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். பையன் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். முதலில் சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுது மேடம் என்றான். மிதித்தேன். யோசிக்கவில்லை. நான் நினைத்த இடத்தில் வண்டி ஏற்கெனவே இருந்தது. முதுகை யாரோ உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டது போல. பையன் மெதுவாக, "மேடம்... மேடம்..." என்றான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு அவன் சொல்லித்தான் தெரியும். பழைய வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, புதியதில் அதே வாரம் ஊருக்கு வந்தேன்.

வேகமாக ஓட்டுவதில்லை என்று உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. ஊருக்குள் ஓட்டுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓட்டுவதில்லை. கிருஷ்ணகிரி தாண்டி நாலு வழிச் சாலை விரியும்போது ஓட்டுகிறேன். நீ அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு, தீபாவளிக்கு உன் பெங்களூர் வீட்டு வாசலில் நான் வந்து இறங்கினேனே, அன்றும் ஓட்டினேன். நீ வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது என்ன தெரியுமா? "ஏழுமலை எங்கம்மா? டீ குடிக்கப் போயிருக்காரா?" நான் சாவியைக் காட்டினேன். நீ சிரித்தாய். விளையாட்டு என்று நினைத்தாய். ராத்திரி சாப்பிடும்போதுதான் நம்பினாய். அப்போதும், "ஜாக்கிரதைம்மா" என்றாய். நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது. இப்போது சொல்லிவிட்டேன்.

இனி சித்தப்பா விஷயம். புது வண்டி என்று அவருக்குத் தெரியும். பெட்ரோல் என்று தெரியாது. நான் மறைக்கவில்லை, அவர் கேட்கவில்லை. நம் குடும்பத்தில் பெரிய வண்டி என்றால் டீசல். "புதுசுல்ல, அதான் சத்தமே இல்ல" என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். போன மாதம் நான் மண்டியில் ஏலத்தில் நின்றபோது வீட்டுக்கு வந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, உன் கல்யாணப் பத்திரிகைகளோடு கீழ்பென்னாத்தூர் போயிருக்கிறார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் வைத்துவிட்டு, திரும்பும்போது தன் நிலத்துக்குப் போய், முறையை விடாமல், பம்புசெட்டு டிரம்மிலிருந்து ஒரு கேன் டீசலை, புனல் வைத்து, மூடிக்குள் பெட்ரோல் என்று எழுதி ஒட்டியிருந்ததற்கு நேர் கீழே ஊற்றியிருக்கிறார். வண்டி வேங்கிக்கால் வரைக்கும் மானத்தைக் காப்பாற்றியது. கலெக்டர் ஆபீஸ் எதிரே, மனு கொடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவில், இருமி இருமி வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள். போலீஸ்காரர் லத்தியால் பானெட்டைத் தட்டி, "இன்னா சார், யாகமா?" என்று கேட்டிருக்கிறார். உன் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் என் மண்டிக்கு வந்து சேர்ந்தார். நானும் பதறித்தான் போனேன். மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

"அண்ணி, அது ராசி இல்லாத வண்டி" என்றார்.

"எதை ஊத்தினீங்க தம்பி?"

"வழக்கமா ஊத்தறதுதான்."

"அது பெட்ரோல் வண்டி."

அவர் மூட்டை மேல் உட்கார்ந்தார். "ஏன் அண்ணி?" என்று கேட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. ஏன் பெட்ரோல் என்று கேட்டார். அண்ணன் வைத்துவிட்டுப் போன ஒன்றை நான் மாற்றிவிட்டேன் என்ற வருத்தம் அது. அவர் நல்லவர், உன் அப்பாவுக்குத் தோள் கொடுத்தவர், அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் டேங்க்கைக் கழற்றிக் கழுவி, வண்டி சென்னைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள், தன் கேனை மறந்துவிட்டு ராசியை மட்டும் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அறுத்தவள் ஓட்டுகிற வண்டி, அதுதான் கலெக்டர் ஆபீஸ் முன்னாலேயே நின்றுபோச்சு என்று யாரோ அதை முடித்துவைத்திருக்கிறார்கள். அது பெங்களூர் வரைக்கும் வந்து, உன் வாய் வழியாக, மாடி ரூமாக எனக்குத் திரும்பி வந்தது.

இரண்டு நாள் முன்பு அவரே மறுபடியும் மண்டிக்கு வந்தார். "அண்ணி, ஊரு என்ன சொல்லும்னு பாருங்க" என்றார்.

"இந்த ஊரு எங்கிட்ட இத்தினி வருஷமா வண்டி கேட்டுச்சு தம்பி. ஒருநாளாவது எப்படி இருக்கீங்கன்னு கேட்டுச்சா?"

"நல்ல காரியத்துல நீங்க எதிர வரக் கூடாதுன்னுதானே பெரியவங்க சொல்றாங்க. நானா சொல்றேன்?"

"எதிர வரல தம்பி. டிரைவர் எதிர வர்றதில்ல. முதுகக் காட்டிட்டு முன்னால போறவரு. ஏழுமலை சம்சாரம் செத்து எத்தினி வருஷம் ஆச்சு? அவரு ஓட்டலையா நம்ம கல்யாணம் எல்லாத்துக்கும்? யாராவது சகுனம் பாத்தீங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நீயாவது யோசித்துப் பார். மனைவியை இழந்த ஒரு மனிதர் இந்த ஊரின் மாப்பிள்ளைகளையெல்லாம் மணமேடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். வண்டியில் ஏறும்போது அவர் முகத்தில்தான் அவர்கள் விழித்தார்கள். எந்தக் குடும்பமும் கெட்டுப்போகவில்லை. நான் உன்னைப் பெற்றவள்.

உன் மாமனாரும் வேலூரிலிருந்து பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். "நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கலைங்க சம்பந்தி. ஆனா எங்க பக்கத்துல பெரியவங்க இருக்காங்க" என்றார். அவங்களுக்குப் பின் சீட்டில் இடம் இருக்குங்க, வரச் சொல்லுங்க என்றேன். சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. அவர் போனை வைப்பதற்குள் உன் வருங்கால மனைவி வாங்கிக்கொண்டாள். அவள் என் பக்கம் என்றோ அப்பா பக்கம் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அத்தை, அது கியர் மாத்தற வண்டிங்களா?" இல்லம்மா, தானா மாறும் என்றேன். "அப்போ பட்டுச்சேலையோட ஓட்டலாம்" என்றாள். அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உன்னைப் பற்றித்தான். கல்யாணத்துக்குப் பிறகு வண்டி வாங்குவாய். ஒரு சாவியை அவளிடம் கொடு. டூப்ளிகேட் என்று சொல்லிக் கொடுக்காதே. எங்கே போகிறாய் என்று கேட்காதே. போய்விட்டு வந்து அவளே சொல்வாள், சொல்லத் தோன்றினால்.

இன்னொரு காரணமும் நீ முன்பு ஒரு தடவை போனில் சொன்னாய். பெட்ரோல் வண்டி ஊர்வலத்தில் ஊர்ந்தால் சூடாகி நின்றுவிடும், நடுரோட்டில் மானம் போகும் என்றாய். நியாயமான சந்தேகம். சகுனத்தைப் போல இல்லை, இதைச் சோதித்துப் பார்க்க முடியும். போன பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம், சீக்கிரமே வந்துவிட்ட கிரிவலக் கூட்டம் சாலையை நிறைக்க ஆரம்பித்தபோது, அதற்குப் பின்னால் போய் வண்டியை விட்டேன். ஏ.சி. போட்டபடி. ஜனங்கள் நடக்கிற வேகத்தில். பொரி விற்கிறவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். ஒரு சாமியார் பானெட்டில் விபூதி பூசிவிட்டுப் போனார். எட்டு சிலிண்டரையும் கட்டிவைத்து நடத்திக்கொண்டு போவது சுலபமில்லை, கால் வலித்தது. ஆனால் சூட்டைக் காட்டுகிற முள் நடுவிலேயே நின்றது. விசிறி போட்டுக்கொண்டது, அணைத்துக்கொண்டது. அவ்வளவுதான். வேகமாகப் போகத் தெரிந்த வண்டிக்கு மெதுவாகப் போகவும் தெரியும் என்று அன்று பார்த்தேன். மெதுவாக மட்டுமே போகத் தெரிந்ததை நாம் பொறுமை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்பா இருந்திருந்தால் என்ன சொல்வார் என்று நீ கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. சம்மதித்திருப்பார் என்று எழுதினால் உனக்குச் சுலபமாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் அவர் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நான் பின்னால் இடது பக்கம் உட்கார்ந்திருப்பேன், தலை நிறையப் பூவோடு, ஏ.சி. காற்றில். சந்தோஷமாகவும் இருந்திருப்பேன். ஓட்டத் தெரியாதவளாக இருந்திருப்பேன். அவர் போனதால் கிடைத்தது என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கிடைத்துவிட்டது. கிடைத்ததை நான் கீழே வைக்கப் போவதில்லை, யாருடைய நிம்மதிக்காகவும். உன் நிம்மதிக்காகவும்.

எனவே வியாழக்கிழமை. பிள்ளையார் கோயில் முன்னால் இரண்டு வண்டிகள் நிற்கும். சித்தப்பா சொல்லி வைத்த டீசல் ஒன்று. அவரைத் தடுக்கவில்லை. என்னுடையது ஒன்று. எதில் ஏறுவது என்பது உன் விருப்பம். நீ அந்த வண்டியில் ஏறினால் நான் அழ மாட்டேன், சாபம் கொடுக்க மாட்டேன், மாடி ரூமுக்கும் போக மாட்டேன். உன் பின்னால், அதே நடை வேகத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு, மண்டப வாசல் வரைக்கும் வருவேன். ஊர்வலத்தில் நான் இருப்பது முடிவாகிவிட்டது. முன்னாலா பின்னாலா என்பதை மட்டும் நீ சொல்.

என் வண்டியில் ஏறுவதாக இருந்தால் பின் கதவைத் திறக்காதே. பின்னால் உன் சித்தியும் பிள்ளைகளும் உட்காருவார்கள். ஜோடிக்க வருகிற ஆளிடம் முன் சீட்டில் துணி விரிக்க வேண்டாம், பூக்கூடை வைக்க வேண்டாம், அங்கே மாப்பிள்ளை உட்காருவார் என்று சொல்லிவிட்டேன். "மாப்ள முன்னாலயா? டிரைவர் பக்கத்துலயா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். ஆமாம் என்றேன். வந்து என் பக்கத்தில் உட்கார். பக்கத்தில் உட்கார்ந்தால் யாரும் யாருக்கும் எதிரே வருவதில்லை. பெல்ட் போட்டுக்கொள். மாலை நசுங்கும். நசுங்கட்டும்.